ஹோடோகு: கடினமான சுடோகுவை ஊகிக்காமல் போடக் கற்றுத்தரும் இலவச மென்பொருள்

நாளிதழில் வரும் சுடோகுவை டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிற ஆள்கூட, செல்போனில் 'எக்ஸ்பெர்ட்' என்று போட்டிருப்பதைத் திறந்தால் பாதியில் நின்றுவிடுவார். பாதிக் கட்டங்கள் நிரம்பியிருக்கும், மிச்சக் கட்டங்களில் எல்லாம் இரண்டோ மூன்றோ எண்கள் வரலாம் என்ற நிலை, எங்கே பார்த்தாலும் உறுதியாக ஒன்றும் கிடைக்காது. அந்த இடத்தில்தான் 'சரி, இங்கே 4 போட்டுப் பார்ப்போம், வரவில்லை என்றால் அழித்துக்கொள்ளலாம்' என்று ஆரம்பிக்கிறார்கள். அதற்கப்புறம் அது சுடோகு இல்லை, குருட்டாம்போக்கு. கடினமான சுடோகு என்றாலே இப்படித்தான் என்று நிறையப் பேர் நம்பிக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். ஏனென்றால் அந்த இடத்தைத் தாண்டிப் போக ஒழுங்கான வழிகள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம், கணக்கு வராதவர்கள் உட்பட. இதில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை.

அந்த வழிகளைக் கற்றுத்தரும் மென்பொருள்களில் நான் திரும்பத் திரும்பப் போவது ஹோடோகுவுக்குத்தான். பெர்ன்ஹார்ட் ஹோபிகர் என்பவர் ஜாவாவில் எழுதியது. ஜி.பி.எல். என்ற திறமூல உரிமத்தில் மூல நிரலோடு இலவசமாகக் கொடுத்திருக்கிறார். விளம்பரம் கிடையாது, கணக்குத் திறக்கச் சொல்லாது, இணையம் இல்லாமலும் ஓடும். 2.2.0 என்ற பதிப்பு 2012-இல் வந்தது. தோற்றத்தைப் பார்த்தால் அந்தக் காலத்து மென்பொருள் என்று உடனே தெரியும்: சாம்பல் நிற மெனு, குட்டிக் குட்டிப் பட்டன்கள், நடுவில் பெரிய கட்டம். அதைப் பார்த்து மூடிவிட வேண்டாம்.

இதை மற்றவற்றிலிருந்து பிரித்துக்காட்டுகிற விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சுடோகு உத்திகளைப் படித்துப் புரிந்துகொள்வது கஷ்டமே இல்லை. எக்ஸ்-விங் என்றால் என்ன என்று யாராவது படம் போட்டுக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். ஆனால் அடுத்த நாள் ஒரு புதிரில் அதே எக்ஸ்-விங் கண் முன்னால் இருந்தும் தெரியாது, ஏனென்றால் அங்கே யாரும் வட்டம் போட்டு வைத்திருக்கவில்லை. புத்தகமும் வீடியோவும் கைவிட்டுவிடுகிற இடம் இது. ஒரே உத்தியை வேறு வேறு புதிர்களில் திரும்பத் திரும்பத் தேடிக் கண்ணைப் பழக்கினால்தான் அது கைக்கு வரும். அதற்கென்றே ஹோடோகுவில் விளையாட்டு, கற்றல், பயிற்சி என்று மூன்று முறைகள் வைத்திருக்கிறார்கள்.

கற்றல் முறையில் எந்த உத்தி வேண்டும் என்று பட்டியலில் டிக் செய்தால், அந்த உத்தி தேவைப்படுகிற புதிராகத் தேடி எடுத்து, அதற்கு முந்தைய படிவரை தானே போட்டுவிட்டு, சரியாக அந்த இடத்தில் நிறுத்தி நம்மிடம் கொடுக்கும். அரைமணி நேரம் எளிய எண்களை நிரப்பிக்கொண்டு வரவேண்டிய அவசியமே இல்லை. தேடு, கண்டுபிடி, அடுத்தது. பயிற்சி முறையில் முழுப் புதிரும் வரும், அதில் எங்கேயோ ஓரிடத்தில் நாம் கேட்ட உத்தி வரும், ஆனால் எப்போது என்று சொல்லாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. முதலாவதில் 'இங்கே இருக்கிறது' என்று தெரிந்து தேடுகிறோம், இரண்டாவதில் 'இப்போது தேட வேண்டிய நேரமா' என்பதையும் நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஸ்கைஸ்கிரேப்பர் என்ற உத்தியை வைத்து இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது அதுதான் என்பது என் கருத்து. கட்டங்களை வரிசை எண், நெடுவரிசை எண் என்ற முறையில் எழுதுகிறேன். 1-7 என்றால் முதல் வரிசை, ஏழாவது நெடுவரிசை. இப்போது 5 என்ற எண்ணை மட்டும் பார்க்கிறோம். முதல் வரிசையில் 5 வரக்கூடிய இடம் இரண்டே இரண்டு: 1-3, 1-7. ஆறாவது வரிசையிலும் இரண்டே இடம்: 6-3, 6-9. இரண்டு வரிசைக்கும் மூன்றாம் நெடுவரிசை பொதுவாக இருக்கிறது. ஒரு நெடுவரிசையில் ஒரு 5-தான் வரமுடியும், அதனால் 1-3, 6-3 இரண்டும் ஒரே நேரத்தில் 5 ஆக முடியாது. அப்படியானால் மறுமுனையில் இருக்கிற 1-7, 6-9 இரண்டில் ஒன்றாவது 5 ஆகத்தான் வேண்டும். எது என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். அந்த இரண்டு கட்டத்தையும் சேர்த்துப் பார்க்கிற கட்டங்கள் எவை? 2-9, 3-9 இரண்டும் 1-7 இருக்கும் பெட்டியிலும் (3-க்கு-3 தொகுதி) இருக்கின்றன, 6-9 இருக்கும் நெடுவரிசையிலும் இருக்கின்றன. அதேபோல 4-7, 5-7. இந்த நான்கு கட்டங்களிலும் 5 வரவே வராது, அழித்துவிடலாம். எங்கேயும் ஊகம் இல்லை, 'போட்டுப் பார்ப்போம்' இல்லை.

ஹோடோகுவில் இதைத் தேடும்போது எஃப்5 விசையை அழுத்தினால் 5 வரக்கூடிய கட்டங்கள் எல்லாம் பச்சையாகிவிடும். எஃப்1 முதல் எஃப்9 வரை ஒன்பது எண்களுக்கும் இப்படியே. மற்ற எண்களின் இரைச்சல் அடங்கிவிடுகிறது, இரண்டே பச்சை உள்ள வரிசைகள் எவை என்று ஒரு பார்வையில் தெரியும். அப்படி இரண்டு வரிசைகளைப் பிடித்து, ஒரு முனை ஒரே நெடுவரிசையில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கிடைக்கவில்லை என்றால் வரிசைக்குப் பதிலாக நெடுவரிசைகளில் அதையே செய்யலாம். எஃப்6, எஃப்7 என்று ஒவ்வொரு எண்ணாகத் தட்டிக்கொண்டே போகும் இந்தப் பழக்கம் வந்துவிட்டால், பிறகு தாளில் போடும்போதும் கண் தானாக ஒரே எண்ணை மட்டும் பிரித்துப் பார்க்க ஆரம்பித்துவிடும். இது எப்படி நடக்கிறது என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை, ஆனால் நடக்கிறது.

குறிப்பு கொடுக்கும் விதத்துக்காகவே இந்த மென்பொருளைப் பாராட்ட வேண்டும். செல்போன் ஆப்களில் குறிப்பு கேட்டால் பெரும்பாலும் ஒரு கட்டத்தில் எண்ணை நிரப்பிவிட்டுப் போய்விடும். ஏன் அந்த எண் என்று சொல்லாது. அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? ஹோடோகுவில் மூன்று படிகள். முதல் படி மேலோட்டமான குறிப்பு: உத்தியின் பெயரை மட்டும் சொல்லும், எங்கே என்று சொல்லாது. இரண்டாவது கொஞ்சம் தெளிவானது, எந்த எண், எங்கே பார்க்க வேண்டும் என்று கோடி காட்டும். மூன்றாவது முழு விடை: காரணமான எண்கள் பச்சையாகவும், அழிக்க வேண்டியவை சிவப்பாகவும் கட்டத்திலேயே தெரியும், கீழே ஒரு வரியில் விளக்கமும் வரும். நான் சொல்ல விரும்புவது, முதல் படியோடு நிறுத்திப் பழகுங்கள். 'இங்கே ஒரு டபிள்யூ-விங் இருக்கிறது' என்று தெரிந்துகொண்டு பத்து நிமிடம் முட்டிமோதிக் கண்டுபிடிப்பதில் கிடைக்கிற பயன், பச்சையும் சிவப்பும் காட்டிய பிறகு 'ஓ, ஆமாம்' என்று தலையாட்டுவதில் கிடைக்காது.

டபிள்யூ-விங் பற்றிச் சொன்னதால் அதையும் பார்த்துவிடலாம், எனக்கு மிகவும் பிடித்த உத்தி அது. 2-3 கட்டத்தில் 4 அல்லது 9. எங்கோ தள்ளி 8-7 கட்டத்திலும் அதே 4 அல்லது 9. இரண்டு கட்டங்களும் ஒரே வரிசையில் இல்லை, ஒரே நெடுவரிசையில் இல்லை, ஒரே பெட்டியிலும் இல்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது போல இருக்கும். ஆனால் ஐந்தாவது வரிசையைப் பாருங்கள், அங்கே 4 வரக்கூடிய இடம் 5-3, 5-7 மட்டும். இப்போது 2-3, 8-7 இரண்டுமே 4 என்று வைத்துக்கொண்டால் மூன்றாம் நெடுவரிசையிலும் ஏழாம் நெடுவரிசையிலும் 4 முடிந்துவிடுகிறது, ஐந்தாவது வரிசைக்கு 4 போட இடமே இருக்காது. அது நடக்கக்கூடாது, ஆகவே 2-3, 8-7 இரண்டில் ஒன்றாவது 9. இரண்டையும் பார்க்கிற 2-7, 8-3 கட்டங்களிலிருந்து 9 போய்விடும். ஐந்தாவது வரிசையில் இருக்கிற ஒரு 4, அதற்குத் தொடர்பே இல்லாத இடத்தில் ஒரு 9-ஐ அழிக்கிறது! இதை முதல் தடவை யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு புதிரில் கண்டுபிடிக்கும்போது வருகிற சந்தோஷத்துக்காகவே இதையெல்லாம் கற்றுக்கொள்ளலாம். இதற்கும் ஹோடோகு உதவுகிறது, இரண்டே எண்கள் மிச்சமுள்ள கட்டங்களை மட்டும் வண்ணமிட்டுக் காட்ட ஒரு தனிப் பட்டன் உண்டு. அதை அழுத்திவிட்டு ஒரே ஜோடி எங்கெங்கே வருகிறது என்று தேடினால் போதும்.

உத்திகளின் பட்டியலைத் திறந்தால் மலைப்பாக இருக்கும். மீன் பெயர்களே ஒரு குடும்பம்: எக்ஸ்-விங், ஸ்வார்ட்ஃபிஷ், ஜெல்லிஃபிஷ், அவற்றுக்குத் துடுப்பு முளைத்த வகைகள், அதற்கு மேலும். அத்தனையும் கற்க வேண்டியதில்லை. ஸ்கைஸ்கிரேப்பர், டூ-ஸ்ட்ரிங் கைட், எக்ஸ்-விங், எக்ஸ்-ஒய் விங், டபிள்யூ-விங் ஐந்தையும் இந்த வரிசையில் பழகுங்கள், சாதாரணமாகக் 'கடினம்' என்று அச்சிட்டு வருகிறவற்றில் பெரும்பகுதியை இதிலேயே முடித்துவிடலாம். ஸ்வார்ட்ஃபிஷ் ஆறாவதாக வரலாம். அதில் ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். விளக்கப் படங்களில் மூன்று வரிசை, மூன்று நெடுவரிசை, ஒன்பது கட்டத்திலும் அந்த எண் இருப்பது போல அழகாகப் போட்டிருப்பார்கள். நிஜப் புதிரில் அப்படி ஒன்பதும் நிறைந்து வருவது அபூர்வம். ஒரு வரிசையில் 1, 5 நெடுவரிசைகள், இன்னொன்றில் 5, 9, மூன்றாவதில் 1, 9 என்று இரண்டிரண்டாக இருந்தாலும் அது ஸ்வார்ட்ஃபிஷ்தான். ஹோடோகு நிஜமான புதிர்களிலிருந்து எடுத்துக் கொடுப்பதால், இந்த மாதிரி அரைகுறை வடிவங்களே அதிகம் வரும். கண் பழக வேண்டியதும் அவற்றுக்குத்தான். ஜெல்லிஃபிஷ்ஷை விட்டுவிடலாம், அதற்குச் செலவிடும் நேரத்தில் சங்கிலிகளைக் கற்றுக்கொள்ளலாம்.

சங்கிலி என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள், தேவையில்லை. மேலே சொன்ன ஸ்கைஸ்கிரேப்பரே ஒரு குட்டிச் சங்கிலிதான்: 1-7 இல் 5 இல்லை என்றால் 1-3 இல் 5, அப்படியானால் 6-3 இல் 5 இல்லை, அப்படியானால் 6-9 இல் 5. 'இது இல்லை என்றால் அது', 'இது என்றால் அது இல்லை' என்று மாறி மாறிப் போவதுதான் எல்லாச் சங்கிலியும். டபிள்யூ-விங்கும் அதே. ஆகவே ஐந்து உத்திகளைத் தனித்தனியாகக் கற்றவர் தெரியாமலே சங்கிலியின் பாதியைக் கற்றிருப்பார். ஹோடோகு சங்கிலிகளைக் கட்டத்தின் மேலேயே அம்புக்குறி போட்டுக் காட்டும், உறுதியான இணைப்பு ('இது இல்லை என்றால் அது') முழுக்கோடாகவும் பலவீனமான இணைப்பு ('இது என்றால் அது இல்லை') விட்டுவிட்டு வரும் கோடாகவும் இருக்கும். கட்டம் கட்டமாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே போகலாம். நீளமான சங்கிலி ஒன்பது பத்து இணைப்பு வரும்போது திரை கொஞ்சம் சிலந்திவலை மாதிரி ஆகிவிடுகிறது, அது மட்டும்தான் சிரமம்.

ஒரு புதிர் எவ்வளவு கடினம் என்று ஹோடோகு சொல்வதும் நம்பத்தகுந்ததாக இருக்கிறது. ஈஸி, மீடியம், ஹார்ட், அன்ஃபேர், எக்ஸ்ட்ரீம் என்று ஐந்து நிலை, கூடவே ஒரு மதிப்பெண். கொடுக்கப்பட்ட எண்கள் எத்தனை என்று பார்த்து இதைச் சொல்வதில்லை, முடிக்க எந்தெந்த உத்தி தேவைப்படுகிறது என்று பார்த்துச் சொல்கிறது. எண்கள் குறைந்தால் கடினம் கூடும் என்று பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அது சரியில்லை. ஒரே விடை உள்ள சுடோகுவுக்குக் குறைந்தது 17 எண்கள் வேண்டும் என்று 2012-இல் அயர்லாந்தின் கேரி மெக்குவயர் குழு கணினியை ஓட்டி நிரூபித்தது. அந்த 17 எண் புதிர்களிலேயே நிறையவற்றை எந்தப் பெரிய உத்தியும் இல்லாமல் முடித்துவிடலாம். 25 எண் கொடுத்த புதிர் ஆளைத் திணறடிப்பதும் உண்டு. நாளிதழ்ப் புதிரையும் இதில் உள்ளிட்டுப் பார்க்கலாம். 81 எண்களை ஒரே வரியாக, காலிக் கட்டத்துக்குப் புள்ளியோ சுழியமோ வைத்து ஒட்டினால் எடுத்துக்கொள்ளும். ஐந்து நட்சத்திரம் போட்ட புதிர் ஹோடோகுவில் மீடியம் என்று வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இன்னொரு முனையும் இருக்கிறது. ஃபின்லாந்துக் கணிதவியலாளர் ஆர்ட்டோ இங்காலா உருவாக்கி 'உலகிலேயே கடினமானது' என்று பத்திரிகைகளில் வந்த புதிர்களை எடுத்துக்கொண்டு சிலர் நேராக அதில் இறங்குவார்கள். வேண்டாம். அவை மேலே சொன்ன வடிவங்கள் எதற்கும் மசியாதபடி தேடி உருவாக்கப்பட்டவை. அவற்றில் தோற்றுவிட்டு 'உத்தி எல்லாம் சும்மா' என்று முடிவு கட்டினால் நஷ்டம் நமக்குத்தான். கற்கிறவர்களுக்கு ஏற்ற இடம் ஹார்ட், பழகிய பிறகு அன்ஃபேர். எக்ஸ்ட்ரீம் என்பது பொறுமைசாலிகளுக்கு.

ஒப்பிடுவதற்கு ஆண்ட்ரூ ஸ்டூவர்ட்டின் சுடோகுவிக்கி தளத்தைச் சொல்லியாக வேண்டும். அங்கே உள்ள விளக்கக் கட்டுரைகள் ஹோடோகுவின் உதவிப் பக்கங்களைவிட வாசிக்கச் சுகமாக இருக்கின்றன, படங்களும் தெளிவு, எதையும் நிறுவ வேண்டியதில்லை, உலாவியிலேயே ஓடும், செல்போனிலும் திறக்கும். புதிரைப் போட்டு ஒவ்வொரு படியாகத் தட்டிக்கொண்டே போனால் எந்த உத்தியை எங்கே பயன்படுத்தியது என்று எழுதிக் காட்டும். ஆனால் அது முதன்மையாகப் புதிரை விடுவித்துக் காட்டுகிற கருவி. நம்மைத் தேடவைத்துப் பழக்குகிற விஷயத்தில் ஹோடோகுதான் என் தேர்வு. நான் இரண்டையும் சேர்த்தே பரிந்துரைப்பேன்: ஒரு உத்தியை அங்கே படித்துப் புரிந்துகொண்டு, இங்கே வந்து கற்றல் முறையில் போடுவது.

குறைகளும் உண்டு. ஆங்கிலமும் ஜெர்மனும் மட்டும்தான், தமிழில் இல்லை. உத்திகளின் பெயர்கள் எப்படியும் ஆங்கிலம்தான் என்பதால் பெரிய தடை இல்லை, ஆனால் விளக்க வரிகள் சுருக்கெழுத்துப் போல இருக்கும், வரிசை நெடுவரிசைக் குறியீடுகளை வாசிக்கப் பழகவே கொஞ்சம் நேரம் ஆகும். கணினியில் ஜாவா இருந்தால்தான் ஓடும். திரையின் பிக்சல் அதிகமாக இருந்து ஜாவா பழையதாக இருந்தால் எழுத்துகள் எறும்பு சைஸில் தெரியலாம், ஜாவாவைப் புதுப்பித்தால் பெரும்பாலும் சரியாகும். செல்போனுக்கு இது வராது. அரிதான உத்தி ஒன்றை மட்டும் டிக் செய்து புதிர் கேட்டால் தேடிப்பிடிக்க நேரம் எடுத்துக்கொள்ளும். கில்லர், மூலைவிட்டம், சாமுராய் போன்ற மாற்று வகைகள் எதுவும் இல்லை, வழக்கமான 9-க்கு-9 சுடோகு மட்டும்.

போட்டிக்குத் தயாராகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உலக சுடோகு போட்டி 2006-இல் இத்தாலியின் லூக்காவில் தொடங்கியது, 2017-இல் பெங்களூரிலேயே நடந்தது. அங்கே வருகிற புதிர்கள் பெரும்பாலும் மனிதர்கள் கையால் அமைப்பவை, நீளச் சங்கிலி எதுவும் கேட்பதில்லை, வேகம்தான் எல்லாம், அதோடு வித்தியாசமான வகைகளும் வரும். சாத்திய எண்கள் அனைத்தையும் தானே நிரப்பிக் காட்டுகிற ஹோடோகுவில் மட்டும் பழகினால் அந்த வேகம் வராது. அதற்குத் தாளும் பென்சிலும் கடிகாரமும்தான்.

மற்றபடி, கடினமான புதிரில் பாதியில் நின்று பழகிப்போன எவருக்கும் தயங்காமல் இதைச் சொல்வேன். சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் ஹோடோகு என்று தேடினால் கிடைக்கும். விண்டோஸ் என்றால் இ.எக்ஸ்.இ. கோப்பு இருக்கிறது, லினக்ஸ், மேக் என்றால் ஜார் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள், விண்டோஸிலும் அது ஓடும். திறந்ததும் விளையாட்டு முறையில்தான் இருக்கும். மெனுவுக்குப் போய்க் கற்றல் முறைக்கு மாற்றி, பட்டியலில் ஸ்கைஸ்கிரேப்பரை மட்டும் டிக் செய்துவிட்டுப் புதுப் புதிர் கேளுங்கள்.